அமாவாசை இரவில் எழுதிய தாள்

பிள்ளைகள் தூங்குவதைப் பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். சொன்னால் சிரிப்பார்கள். "தூங்கறவங்களைப் பாத்துக்கினு உக்காந்திருக்கறதுக்குப் பேரு உத்தியோகமா?" என்று என் நாத்தனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவளை ஒரே ஒரு ராத்திரி அந்த நாற்காலியில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. அடுத்தவர் தூக்கத்தை முழித்திருந்து பார்ப்பதைப்போல ஆளைக் கரைக்கும் வேலை வேறு எதையும் நான் செய்ததில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. காஞ்சிபுரத்தில் பதினான்கு கட்டில் போட்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். வாலாஜாபாத்திலிருந்து சாயங்கால பஸ்ஸில் வருவேன், காலை பஸ்ஸில் திரும்புவேன். வீட்டுக்காரருக்கு அரிசி மில்லில் வேலை. பிள்ளைகள் இரண்டு. பகலில் நான் தூங்கிக்கொள்வதாக ஏற்பாடு. பகலில் எந்த வீடு தூங்க விடும்? கண்ணசரும்போது பால்காரர், புரண்டு படுத்தால் தபால்காரர், மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள். கணக்குப் பார்த்தால் அந்த வருஷங்களில் நான் முழுத் தூக்கம் தூங்கியது பிரசவத்துக்குப் படுத்தபோதுதான்.

வியாழக்கிழமைதோறும் காலையில் மெட்ராஸிலிருந்து காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் வருவார், அன்றைக்கு அவரோடு இருந்துவிட்டுத்தான் நான் பஸ் ஏறுவேன். குள்ளமான மனிதர், குரலும் சின்னது. பிள்ளைக்கு நாலு தடவை சளி பிடித்தாலே டான்சிலை எடுத்துவிடு என்று சொல்லும் டாக்டர்கள் அப்போது நிறைய இருந்தார்கள். இவர் அந்த ரகம் இல்லை. "பெத்தவங்க பயத்துல ஒண்ணைப் பத்தாச் சொல்லுவாங்கம்மா. அதை நம்பிக் கத்தி எடுக்க மாட்டேன். நீ ராத்திரி பூரா பாத்து எழுதிக் குடு, அதை நம்பறேன்" என்பார். அதற்கென்று அவரே கோடு போட்டு அச்சடித்த தாள் ஒன்று உண்டு. கால் மணிக்கு ஒரு கட்டம். வாய் திறந்திருக்கிறதா, குறட்டை உண்டா, மூச்சு நின்றால் எத்தனை விநாடி, வியர்வை, உதட்டின் நிறம். பிள்ளையோடு பெற்றவர்கள் இருக்கக் கூடாது, வராந்தாவில்தான் படுக்க வேண்டும். அறையில் நான், நாற்காலி, நீலத்தாள் சுற்றிய ஒரு பல்பு, விநாடி முள் வைத்த என் கைக்கடிகாரம்.

அப்படி ஒரு வியாழக்கிழமை வந்த பெண் குழந்தைக்கு ஆறு வயது. பார்த்தால் நாலு வயதுதான் சொல்லலாம். அப்பா பட்டு நெய்கிறவர், அம்மா அவருக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறவள். குழந்தையின் வாய் எப்போதும் திறந்தே இருந்தது. கண்ணுக்குக் கீழே கருப்பு. டாக்டர் குளிர்ந்த ஸ்டீல் தகடு ஒன்றை மூக்குக்குக் கீழே பிடித்தார். நல்ல மூச்சு என்றால் தகட்டில் இரண்டு பக்கமும் ஆவி படிய வேண்டும். இந்தப் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை, இன்னொரு பக்கம் நகக்கண் அளவுக்குப் படிந்து உடனே மறைந்தது.

"தூங்கசொல்ல மூச்சு நின்னு நின்னு வருது சார். கொஞ்ச நேரம் ஒண்ணுமே இருக்காது. அப்பால தூக்கிவாரிப் போட்டுக்கினு இழுக்குது" என்றாள் அம்மா.

"இஸ்கூல்ல உக்காந்துக்கினே தூங்குதாம் சார். மக்குன்னு கடைசில உக்கார வச்சிட்டாங்க" என்றார் அப்பா.

டாக்டர் தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டார். "டான்சில் பெருசுதான். மூக்குக்குப் பின்னாடியும் சதை வளந்திருக்கும்னு தோணுது. ஆனா பிள்ளை எலும்பும் தோலுமா இருக்குது. மயக்க மருந்து குடுக்கவே யோசனையா இருக்கு. மூச்சு நிக்கறது நெஜம்னா இதயம் கெட்டுப்போறதுக்குள்ள ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணும். இல்லேன்னா வீணா இந்த உடம்பைத் தொடக் கூடாது. ஒரு ராத்திரி இங்க படுக்க வைங்க."

எந்த நாள் தோதுப்படும் என்று நான்தான் கேட்டேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, "அமாவாசைக்குக் கூட்டியாறோம் சிஸ்டர்" என்றார்கள். அமாவாசையன்று தறியில் கை வைக்க மாட்டார்கள். அவர்கள் தெரு முழுக்க அன்றைக்கு ஓய்வு. எனக்கும் சரியென்றே பட்டது.

அந்த அமாவாசைக்கு முந்தைய இரண்டு நாளும் என் சின்னவனுக்குக் காய்ச்சல். பகலில் பத்து நிமிஷம்கூட நான் படுக்கவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். சாக்குக்காக இதைச் சொல்லவில்லை. அன்றைக்கு நான் எப்படி இருந்தேன் என்பது தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்பது மணிக்குப் பிள்ளையைக் கட்டிலில் படுக்க வைத்தேன். அது படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தது, ஜன்னலைப் பார்த்தது, என்னைப் பார்த்தது.

"இங்க தறி இல்லியா?" என்று கேட்டது.

"இது ஆஸ்பத்திரி. தறியெல்லாம் இருக்காது. தூங்கு."

ஒன்பதரைக்கும் முழித்துக்கொண்டிருந்தது. பத்துக்கும் முழித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. கோபம் என்பதுகூடப் பெரிய வார்த்தை, எரிச்சல். "கண்ணை மூடு. மூடலேன்னா ஊசிதான். தொறந்தா அப்பவே போட்டுருவேன்" என்றேன். எந்த நர்ஸும் எந்தப் பிள்ளையிடமும் சொல்கிறதுதான். உடனே கண்ணை மூடிக்கொண்டது.

பத்தேகாலுக்கு எழுதினேன்: தூங்குகிறது, குறட்டை இல்லை. பத்தரை: குறட்டை இல்லை. வாய் லேசாகத் திறந்திருக்கிறது, மூச்சு சீராக இருக்கிறது. பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. கட்டம் கட்டமாக ஒரே வரி. நடுவில் என் தலை இரண்டு தடவை தொங்கி நிமிர்ந்தது. ஆனால் தூங்கிவிட்டேன் என்று தூக்கத்தின்மேல் பழி போட எனக்கு வழியில்லை. முழித்துத்தான் இருந்தேன். தூங்குகிற பிள்ளையின் மூச்சுக்கும் கண்ணை மூடிப் படுத்திருக்கிற பிள்ளையின் மூச்சுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். எழுந்துபோய் அரை நிமிஷம் குனிந்து பார்த்திருந்தால் போதும். நாற்காலியிலிருந்து கட்டில் நாலு அடி தூரம். அந்த நாலு அடியை நடக்க எனக்கு உடம்பில்லை.

விடிகாலையில் அது நிஜமாகவே கொஞ்சம் கண்ணயர்ந்திருக்கும். அதற்குள் பால் வண்டி வந்துவிட்டது, நான் தாளை மடித்துவிட்டேன். வியாழக்கிழமை டாக்டர் அதைப் பார்த்து, "நான் பயந்த மாதிரி இல்லை. நல்லதாப் போச்சு" என்று சந்தோஷப்பட்டார். ஆபரேஷன் வேண்டாம் என்று எழுதி, சத்துக்கு ஒரு டானிக் கொடுத்து அனுப்பினார். அப்பாவும் அம்மாவும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மாசம் ஒன்றரை கழிந்திருக்கும். காலையில் டியூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தேன். வழியில் மண்ணெண்ணெய்க்கு நீளமான வரிசை. வரிசையில் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை அவள் இடுப்பில் தலையைச் சாய்த்து, நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது. அந்தச் சந்தடியிலும் அதன் மூச்சு எனக்குக் கேட்டது.

"எப்படி இருக்கா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது என்று உடனே தோன்றியது.

"அப்டியேதான் இருக்குது சிஸ்டர். இப்பல்லாம் ஒதடு நீலமா ஆவுது. டாக்டரு ஒண்ணுமில்லன்னு எழுதிட்டாரு, அப்பறம் நாங்க இன்னா சொல்றது?" அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. சிரித்துக்கொண்டே அடுத்ததைச் சொன்னாள். "அமாவாசைன்னாலே இது தூங்காது. அன்னிக்கி ராத்திரியும் ஒரு பொட்டுக்கூடத் தூங்கலியாம். நீங்க கண்ணை மூடச் சொன்னீங்களாமே, ஊசிக்கு பயந்துக்கினு மூடிக்கினே கெடந்துச்சாம். வீட்டுக்கு வந்துதான் சொல்லிச்சு."

நான் குனிந்து பிள்ளையின் உதட்டைப் பார்த்தேன்.

"நீங்க கால் ஆட்டச் சொல்லிப் பாக்கலியா?" என்று கேட்டாள் அவள். "எங்க வூட்ல அப்டித்தான் கண்டுபுடிப்போம்."

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். இந்தத் தமிழ்நாட்டில் அது தெரியாத அம்மா கிடையாது. தூங்குகிறாற்போல் பாசாங்கு செய்யும் பிள்ளையின் பக்கத்தில் போய், 'நெஜமாத் தூங்குற பிள்ளைக்குக் கால் கட்டைவிரல் ஆடும்' என்று சொல்ல வேண்டும். பாசாங்குப் பிள்ளை உடனே விரலை ஆட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். என் பிள்ளைகளிடம் நூறு தடவை செய்திருக்கிறேன். டாக்டரின் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

முதலில் எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது. எத்தனை மோசமான மனசு பாருங்கள். "அப்பவே வந்து சொல்ல வேண்டியதுதானே? அமாவாசையில தூங்காதுன்னு தெரிஞ்சும் அன்னிக்கா கூட்டிக்கினு வருவீங்க?" என்று நடுத்தெருவில் கத்தினேன்.

அவள் பதறிப்போனாள். "இல்ல சிஸ்டர். அதனாலதான் கூட்டியாந்தோம். காத்து கருப்பு எதுனா இருக்கும், அன்னிக்கிப் பாத்தா டாக்டரு கண்டுபுடிச்சிருவாருன்னு நெனச்சோம்" என்றாள்.

தறி இல்லியா என்று அந்தப் பிள்ளை என்னைக் கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிறந்த நாளிலிருந்து தறிக்குப் பக்கத்தில் தூங்கிய பிள்ளை. தட் தட்டென்று அந்தச் சத்தம் இருந்தால்தான் அதற்குக் கண் சொக்கும். மாசத்தில் ஒரு நாள் தெருவே அமைதியாக இருந்தது, அந்த ஒரு நாள் தூக்கம் வரவில்லை. அவர்கள் அமாவாசையைப் பார்த்துப் பயந்தார்கள். அதற்குக் காரணம் என்னவென்று அந்தப் பிள்ளையே என்னிடம் சொல்லியிருந்தது, நான் ஊசி போடுவேன் என்றேன்.

அந்த வாரம் எனக்கு வார ஓய்வு செவ்வாய்க்கிழமை. வீட்டில் டியூட்டி என்று பொய் சொல்லிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பையில் டாக்டரின் தாள் ஒன்று.

முன்கூடத்தை முழுக்கத் தறியே அடைத்திருந்தது. தறிக்குழியில் கால் வைத்து அப்பா உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கைநீட்டும் தூரத்தில் பாய். எட்டரை மணிக்குப் பிள்ளை அதில் படுத்தது, பத்து நிமிஷத்தில் அசந்துவிட்டது. அந்தச் சத்தத்தில் எனக்குக் குறட்டை சரியாகக் கேட்கவில்லை. பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கையை அதன் மூக்குக்கு நேராகவும் இன்னொரு கையை நெஞ்சின்மேலும் வைத்துக்கொண்டேன். கடிகாரம் முழங்கால்மேல்.

மூச்சு வந்தது, வந்தது, நின்றது. நெஞ்சு ஏற முயன்றது, வயிறு உள்ளே இழுத்தது, கையில் காற்று படவில்லை. நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து. பதினைந்து. பதினெட்டாவது விநாடியில் பிள்ளை உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தது.

"பதினெட்டு" என்றேன், என்னை அறியாமல்.

"இருவத்தொண்ணு" என்றார் அப்பா.

அவர் தறி அடிப்பை எண்ணியிருக்கிறார். நெய்கிறவருக்கு எண்ணுவது பழக்கம், எண்ணாமல் இருக்கத்தான் முடியாது. "நேத்திக்கு இருவத்தாறு வரிக்கும் போச்சு சிஸ்டர்" என்றார். ஒவ்வொரு ராத்திரியும் அவர் பூ வேலைக்கு ஒரு எண்ணும், மகளின் மூச்சுக்கு ஒரு எண்ணுமாக எண்ணிக்கொண்டு நெய்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. எந்த டாக்டர் இதைக் கேட்பார்?

பேசிக்கொண்டே அவர் கையை நிறுத்திவிட்டார். பிள்ளை உடனே அசைந்து, பாதிக் கண்ணைத் திறந்து, "அப்பா?" என்றது. அவர் மறுபடியும் அடிக்க ஆரம்பித்தார். கண் மூடிக்கொண்டது.

வழக்கமாகப் பத்து மணிக்குத் தறியை விட்டு எழுந்துவிடுகிறவர். அதன்பிறகு பிள்ளை முழிப்பதும் அழுவதும் உட்கார்ந்தபடி தூங்குவதுமாக விடியுமாம். அன்றைக்கு எனக்காக அவர் எழுந்திருக்கவில்லை. காலை ஐந்து மணியிலிருந்து நெய்த மனிதர். பதினொரு மணிக்கு அவர் மனைவி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள், ஒரு கையால் வாங்கிக் குடித்தார். பன்னிரண்டு மணிக்குமேல் அவர் கண்ணும் என் கண்ணும் ஒரே நிறமாக இருந்திருக்கும். கட்டம் கட்டமாக எழுதினேன். பதினாறு, இருபது, பதினான்கு. ஒரு தடவை இருபத்தெட்டு வந்தபோது உதடு கருத்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. எழுதுவதை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கி உலுக்கினேன். மூச்சு வந்த பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். ஒன்றரை மாசம் இந்தப் பிள்ளை இப்படியே கிடந்திருக்கிறது, நான் வாலாஜாபாத்தில் பகல் தூக்கம் கிடைக்கவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வியாழக்கிழமை டாக்டர் வந்ததும் புதுத் தாளை மேஜைமேல் வைத்தேன். படித்தார். அலமாரியிலிருந்து பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"எது சரி?"

"புதுசு. பழசு நான் எழுதினதுதான், ஆனா அன்னிக்கி பிள்ளை தூங்கவே இல்லை. நான் எழுந்துபோய்ப் பாக்கலை."

"ஏன்?"

சின்னவனுக்குக் காய்ச்சல் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. "களைப்பா இருந்தது டாக்டர்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "உன் தாளைத்தானேம்மா நான் நம்பறேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு அந்த அப்பாவைக் கூப்பிட்டனுப்பச் சொன்னார்.

அடுத்த வியாழக்கிழமை காலை ஆபரேஷன். மயக்க மருந்து கொடுக்கிறவரை அவரே மெட்ராஸிலிருந்து கூட்டிவந்தார். அரை மணி நேர வேலைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் ஒரு தடவை ரத்தம் நிற்காமல் பஞ்சுக்கு மேல் பஞ்சாக வைத்து அழுத்தினார்கள். வெளியே வராந்தாவில் அந்த அப்பா சுவரைப் பார்த்து நின்றுகொண்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது தெரிந்தது.

முதல் ராத்திரியும் இரண்டாம் ராத்திரியும் வலி, ரத்தம் கலந்த எச்சில், அழுகை. மூன்றாம் ராத்திரி, இந்தத் தடவை டாக்டரே சொல்லி, அம்மாவை அறைக்குள் விட்டேன். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள். நீல பல்பு, நாற்காலி, தாள். தறி இல்லை. தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

ஒன்பதரைக்குப் பிள்ளை கண்ணை மூடியது. யாரும் மூடச் சொல்லவில்லை, இரண்டு ராத்திரி அழுத அசதி. வாயும் மூடியிருந்தது, அதை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. மூக்கு வழியாக மூச்சு போய்வந்தது, சத்தமே இல்லாமல். நம்பலாமா என்று தெரியவில்லை. கால் மணிக்கு ஒரு தடவை எழுந்துபோய்க் குனிந்து பார்த்தேன். கையை வைத்துப் பார்த்தேன், காற்று வெதுவெதுப்பாகப் பட்டது. எழுதினேன். மறுபடி சந்தேகம் வந்தது. ஏற்கெனவே ஒரு தடவை இதே அறையில், இதே பிள்ளையிடம் ஏமாந்தவள் நான்.

இரண்டு மணிக்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் போய் நின்று, போர்வையை விலக்கினேன். சின்னப் பாதங்கள் இரண்டும் தெரிந்தன.

"நெஜமாத் தூங்குற பிள்ளைக்குக் கால் கட்டைவிரல் ஆடும்" என்று மெதுவாகச் சொன்னேன்.

ஆடவில்லை. எண்ணிப் பார்த்தேன், அறுபது வரைக்கும். விரல் ஆடவே இல்லை.

போர்வையைப் போர்த்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். அப்போதுதான் கீழே பாயில், புடவைத் தலைப்பால் முகம் வரை மூடிக்கொண்டு படுத்திருந்த அந்த அம்மாவின் கால் கட்டைவிரல் மெல்ல ஆடுவதைப் பார்த்தேன்.

"ஏம்மா, தூங்கலியா நீ?"

"சத்தமே இல்ல சிஸ்டர்" என்றாள், தலைப்புக்குள்ளிருந்து. "இருக்குதா இல்லியான்னு கேட்டுக்கினே இருக்கேன். தூக்கம் வரல."

அவள் கையைப் பிடித்து எழுப்பி உட்கார வைத்து, உள்ளங்கையைப் பிள்ளையின் மூக்குக்குக் கீழே கொண்டுபோய் வைத்தேன். அப்படியே வைத்துக்கொண்டு, கட்டில் விளிம்பில் தலையைச் சாய்த்து, கொஞ்ச நேரத்தில் அவளும் தூங்கிப்போனாள். நான் நாற்காலிக்கு வந்து தாளை எடுத்தேன். இரண்டே முக்கால்: பிள்ளை தூங்குகிறது, தாயும் தூங்குகிறாள், கட்டிலுக்குப் போய்ப் பார்த்தேன்.